சுண்ணாம்பு வராத ஞாயிறு

மங்கையர்க்கரசி டீச்சர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது வெயில் இன்னும் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரையை விட்டு இறங்கவில்லை. ஒரு கையில் வாளி, வாளிக்குள் வெள்ளையடிக்கிற மட்டை. பழைய நூல் சேலையை இழுத்துச் செருகி, தலையில் ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது.

பூட்டைக்கூட மன்னித்திருப்பாள். சுண்ணாம்பு வாசனை இல்லையே! வருஷா வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனையிலேயே மூக்கில் ஏறும் வாசனை அது. முந்தின நாளே டிரம்மில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிடுவார்கள். கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். டிரம் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது.

அரசியின் பார்வை டிரம்மைத் தாண்டி மைதானத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை இரண்டு ஆட்கள் டேப் பிடித்து மைதானத்தை அளந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் கேட்டதற்கு, "தண்ணித்தொட்டி கட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். பள்ளிக் கமிட்டியின் செக்ரட்டரியே அவர்தான். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். நம்பிவிட்டாள். சனிக்கிழமை முழுக்கத் தார்நாகாவில் ஒரு கல்யாணம். அதற்குப் போய்விட்டு வந்ததில் பள்ளிக்கூடப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

"டீச்சரம்மா!"

பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டு சபீனா வாளியும் மட்டையுமாக வந்துகொண்டிருந்தாள். வாணியம்பாடிக் குடும்பம். அவளும் இங்கே படித்தவள்தான், அவளுடைய இரண்டு பெண்களும் இங்கேதான் படிக்கிறார்கள்.

"என்ன டீச்சரம்மா, பூட்டு போட்டிருக்கு? நேத்து சுண்ணாம்பு வண்டியும் வரலே. நான் லேட்டா வருமோன்னு பாத்துட்டே இருந்தேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

"ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களுக்கே தெரியாதா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சாக்பீஸ் உடையாது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

சுண்ணாம்பு வரவில்லை என்றால் என்ன, கடையில் பெயிண்ட் இல்லையா என்று தோன்றலாம். சமாசாரம் அது இல்லை. செகந்திராபாத் பக்கத்து மல்காஜ்கிரித் தமிழர் நடுநிலைப்பள்ளியைக் கட்டினவர்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளிகள். ஷிப்ட் முடிந்து வந்து கல் சுமந்து, கழித்துப்போட்ட தண்டவாளத்தை உத்தரமாக வைத்து எழுப்பிய கட்டடம். கட்டி முடித்த வருஷமே ஒரு சண்டை. பணம் கொடுத்தவர்கள் எங்களுக்குத்தான் பேச்சு என்றார்கள். கல் சுமந்தவர்கள் விடுவார்களா? அப்போதிருந்த தலைமையாசிரியர் ராமசுவாமி ஒரே வார்த்தையில் முடித்து வைத்தார்: "இங்கே ரூபாய்க்கு ஓட்டு கிடையாது. மட்டைக்குத்தான் ஓட்டு."

அன்றிலிருந்து வழக்கம் இதுதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு சுவர், ஒரு ஆள் ஒரு சுவருக்குமேல் அடிக்கக் கூடாது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு, அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் சொந்தக் கையால் வெள்ளையடிக்க வேண்டும். அடித்தவர்தான் அந்த வருஷத்துப் பொதுக்குழு. சாயங்கால மணி அடிப்பதற்குள் மொத்தச் சுவர்களில் பாதியாவது வெளுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுக்குழு கிடையாது, பழைய கமிட்டி வைத்ததுதான் சட்டம். இதுவரை பாதிக்குக் குறைந்ததே இல்லை என்பதால் அந்தக் கடைசிச் சங்கதியை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"சபீனா, நீ இங்கயே இரு," என்றாள் அரசி. "நான் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்."

வாளியை அங்கேயே வைத்தாள். மட்டையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

*

திருநாவுக்கரசு கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் ரிட்டயர் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை பனியனோடு பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிற மனுஷன், இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

"சுண்ணாம்பு எங்க?" என்றாள் அரசி.

"அதுவா... இந்த வருஷம் வேண்டாம்னு கமிட்டில முடிவு பண்ணியாச்சு. கான்ட்ராக்டர் வந்து பெயிண்ட் அடிப்பான். எத்தன காலத்துக்கு வாளியத் தூக்கிட்டு அலைவீங்க?"

"பூட்டு?"

"பாதுகாப்புக்கு."

"எங்கிட்ட இருந்தா? ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கிட்ட சாவி இல்லாத பூட்டு யாருக்குப் பாதுகாப்பு?"

சீப்பு நின்றது. "ஏளா, வந்ததும் வராததுமா கத்தாத. சாயங்காலம் கமிட்டி மீட்டிங். அங்க எல்லாம் பேசி..."

"இங்க பேசுங்க. நான் கேக்குதேன்லா."

அவர் பேசினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். இஞ்சினியரிங் என்ட்ரன்ஸ் கோச்சிங் நடத்துகிற பெரிய கம்பெனி ஒன்று இடத்தைக் கேட்கிறது. நல்ல கட்டடம் கட்டுவார்கள். மேல் மாடியில் தமிழ்ச் சங்கத்துக்கு ஏசி ஹால். தலைவர் நாராயணஸ்வாமி எல்லாம் பேசி முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தை இந்த வருஷத்தோடு...

"மூடுதீங்க."

"மூடுதோம்னு ஏன் சொல்லுத? நாம மூடவே வேண்டாம், அது தானா மூடிட்டு வருது! நான் சின்னப்புள்ளையா இருக்கச்ச ஒரு கிளாஸ்ல உக்கார இடம் கிடையாது. இப்ப ஸ்கூல் முழுக்கச் சேத்தாலும் அத்தன பிள்ளைய தேறாது. மாதாப்பூர் ஐடி கம்பெனில வேலைக்கு வாரான் பாரு தமிழ்நாட்டுல இருந்து, அவன் பிள்ளையக் கொண்டாந்து உன் ஸ்கூல்ல சேக்கானா? இன்டர்நேஷனல் ஸ்கூல் தேடுதான்."

"ஆட்டோ டிரைவர் பிள்ளைய வருது. வீட்டு வேலை பாக்கவ பிள்ளைய வருது. அதுவொ எங்க போவும்?"

"கவர்மென்ட் ஸ்கூல் இல்லையா?" என்றவர் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "ரொம்பப் பேசுதியே, உன் பிள்ளைய எங்க படிக்க வச்ச? மாரெட்பள்ளி கான்வென்ட்ல! உன் ஸ்கூல் அவ்வளவு உசத்தின்னா அனுபமாவ ஏன் அங்க சேக்கல?"

அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்று கான்வென்டில் சேர்த்தது இவரும் இவருடைய அம்மாவும். ஆனால் அட்மிஷனுக்கு வரிசையில் நின்றது அரசிதான்.

உள் அறையிலிருந்து அனுபமா வந்தாள். தலை கலைந்து, காதில் ஒரு பக்கம் இயர்போன் தொங்கியது. சனி ஞாயிறு தூங்கினால்தான் உண்டு அவளுக்கு. மற்ற நாளெல்லாம் கம்பெனி பஸ்.

"ஏமைந்தி அம்மா, என்னாச்சு? சண்டே மார்னிங்கே ஏன் இவ்ளோ டென்ஷன்? அப்பா ஜாப் விஷயம்தானே? அது நல்ல ஆஃபர்தான்."

"எந்த ஜாப்?"

அனுபமா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"அப்பா! அம்மாக்குத் தெரியும்னு சொன்னீங்க!"

"அனு, நீ உள்ள போ."

"நோ, வெயிட். என்கிட்ட பயோடேட்டா டைப் பண்ணச் சொன்னப்ப, 'அம்மாதான் ஐடியா குடுத்தா'ன்னு சொன்னீங்க. அந்தக் கோச்சிங் காலேஜ்ல அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசர் போஸ்ட். நாராயணஸ்வாமி அங்கிள் கன்ஃபார்ம் பண்ணிட்டார்னு..."

அரசிக்கு இப்போதுதான் அந்த இஸ்திரிச் சட்டையின் அர்த்தம் புரிந்தது.

"ஒரு நாற்காலிக்கா?" என்றாள் மெதுவாக. "உங்க அப்பா கல்லு சுமந்த இடத்த, உக்காருறதுக்கு ஒரு நாற்காலி கெடச்சதுன்னு குடுத்துட்டீங்களா?"

"நீ ஸ்கூலுக்குப் போயிருத. அவ ஆபீசுக்குப் போயிருதா. நான் காலைல எந்திச்சு யாருக்குச் சட்டை போட? எவன் என்னைய சார்ங்கான்? வாட்ச்மேன்கூட இப்ப 'அங்கிள்'ங்கான்!"

மார்ச்சிலிருந்து தொண்டையில் சிக்கியிருந்தது இப்போது வந்து விழுந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அரசி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு முடியவில்லை. கோபம் தலைக்கு ஏறி நின்றது.

"சாயங்காலம் மணி அடிக்கதுக்குள்ள பாதிச் சுவரு வெளுக்கலன்னா கமிட்டில நீங்க அஞ்சு பேரும் வச்சதுதான் சட்டம். அதுக்குத்தான் சுண்ணாம்பு வாங்கல. இந்த மூளை நாராயணஸ்வாமிக்கு வராது. அவரு இங்க படிச்சவரே கிடையாது. ராமசுவாமி சார் சொன்ன கணக்கு தெரிஞ்ச ஆளு கமிட்டில ஒருத்தர்தான்."

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சீப்பைத் தலையில் வைத்தார்.

"நல்லா வாரிக்கிடுங்க தலைய," என்று சொல்லிவிட்டு மட்டையோடு இறங்கிப் போனாள்.

*

லாலாகூடா பக்கம் சுண்ணாம்புக் கடைக்காரன் வீட்டிலேயே கடை வைத்திருந்ததால் பிழைத்தார்கள். சபீனா போட்ட சத்தத்தில் அவன் பல் விளக்கிக்கொண்டே வந்து மூட்டையை ஆட்டோவில் ஏற்றினான்.

"இப்ப ஊற வெச்சு இன்னிக்கே அடிக்கிறதா? நக்கோ அம்மா, வேணாம், கை வெந்துரும்," என்றான் கடைக்காரன்.

"வேவட்டும்," என்றாள் அரசி.

பூட்டு ஒரு பிரச்சினையாகவே இல்லை. பளபளவென்று கனமான பூட்டுத்தான். ஆனால் அந்தக் கேட்டைக் கீல் பக்கம் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும். லேட்டாக வந்து மாட்டிக்கொள்ளாமல் உள்ளே நுழைய, இங்கே படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. அதற்காக எத்தனை பிள்ளைகளை அரசி முட்டி போட வைத்திருக்கிறாள்!

"டீச்சரம்மா, இப்ப தூக்கினா அடிக்க மாட்டீங்களே?"

"பேசாமத் தூக்குட்டீ."

பூட்டு பூட்டினபடியே இருக்க, கேட்டு சாய்ந்து சுவரில் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைய பகலில் அரசி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பூனையை விரட்டி, டிரம்மை நிமிர்த்தி, கல்லைக் கொட்டித் தண்ணீரை ஊற்றினார்கள். உஸ்ஸென்று ஆவி எழும்பி டிரம் தளதளவென்று கொதித்தது. நீலமும் கோந்தும் உப்பும் சபீனா வீட்டிலிருந்து வந்தன. அது ஆறுவதற்குள் அரசி தன் நோக்கியாவை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அங்கேதான் முதல் இடி.

எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா விஜயகுமாரி, எப்போதும் வாய் நிறைய "டீச்சர், டீச்சர்" என்கிறவள், இன்றைக்கு வேண்டாவெறுப்பாகப் பேசினாள். "இப்ப எதுக்கு டீச்சர் கூப்பிடறீங்க? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே." பட்டென்று வைத்துவிட்டாள். இன்னொரு வீட்டில் போனை எடுத்து, யாரென்று தெரிந்ததும் கட் செய்தார்கள். ஆட்டோ டிரைவர் சீனிவாசன் மட்டும், "பெரியவங்க நீங்க... நான் என்னத்தச் சொல்ல?" என்று இழுத்தான்.

"நாராயணஸ்வாமிக்குப் பயந்துட்டாங்க," என்றாள் அரசி.

சபீனா தலையை ஆட்டவில்லை. "பயம் மாதிரி இல்லையே டீச்சரம்மா. கோவம் மாதிரி இருக்கு."

மத்தியானம் வரைக்கும் வந்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துக் கிழடுகட்டைகள்தான். ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன இரண்டு பேர், மூட்டு வலியோடு வந்த மங்களம் அக்கா. அவரவர் சுவரைத் தேடிப் போய், மூச்சு வாங்க வாங்க அடித்தார்கள். அரசி தன் அப்பாவின் சுவரை, ஆறாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, அடித்து முடித்தாள். சுண்ணாம்பு சரியாக ஊறாமல் கையெல்லாம் சிவந்து எரிந்தது. எண்ணிப் பார்த்தாள். பாதிக்குக் கிட்டேகூட வரவில்லை.

அப்போது கேட்டு இல்லாத கேட்டு வழியாக ஒரு சுமோ உள்ளே நுழைந்தது. ஆபீஸ் வண்டி. அதிலிருந்து அனுபமா குதித்தாள். பின்னாலேயே ஜீன்ஸும் டீ-ஷர்ட்டுமாக ஒரு கூட்டம்.

"ஆன்ட்டி... ஸாரி, டீச்சர்! நான் வெங்கட். தெலுஸா, ஞாபகம் இருக்கா? பெஞ்சுல பேர் வெட்டினதுக்கு வெளில நிக்க வெச்சீங்களே?"

"உன் அப்பா சுவரு லைப்ரரிக்குப் பின்னால. போ, அடி."

"டீச்சர், பத்து வருஷம் கழிச்சுப் பாக்கறேன். எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?"

"அடிச்சிட்டு வா, கேக்கேன்."

அனுபமா அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. "எஸ்எம்எஸ் பேக் ஃபுல்லா காலி. ஆபீஸ்ல மூணு பேர் இந்த ஸ்கூல்தான்னு எனக்கே தெரியாது. அவங்க ஃபார்வர்ட் பண்ணி, அவங்க ஃபார்வர்ட் பண்ணி... சும்மா நான் அம்மா சைடுன்னு நினைக்காத. என்னை யூஸ் பண்ணினாரு பாரு, அந்தக் கோபம்."

"கோவம் எதுக்கா இருந்தா என்ன? வந்தியே."

இரண்டு மணிக்கு மேல் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒவ்வொருவராக வந்தார்கள். சுவர் ஒவ்வொன்றாக வெளுத்தது. ஆனாலும் சபீனா கவலையாக வந்து காதில் சொன்னாள்: "எல்லாம் பழைய ஸ்டூடண்ட்ஸ்தான் டீச்சரம்மா. இப்ப பிள்ளைங்க படிக்கிற வீட்டுல இருந்து என்னைத் தவிர ஒருத்தர் இல்ல. கைக்கு, ஏன் வரலே?"

அரசிக்கும் அதே கேள்வி உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

*

நாலு மணிக்குத் தலைவர் நாராயணஸ்வாமியின் வெள்ளைக் கார் வந்தது. முன் சீட்டில் அவர், பின் சீட்டில் திருநாவுக்கரசு. இரண்டு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம் தலைவருடையது. தமிழில் தொடங்கி எதில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது.

கழற்றி வைத்த கேட்டைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சிரித்தார்.

"அரே, கேட்டு பூட்டியே இருக்கு, ஊரே உள்ள இருக்கு! பாக உந்தி, ரொம்ப நல்லா இருக்கு. அடிங்கம்மா, அடிங்க. ஹவ், ஆமா, ரூல்னா ரூல்தான். பாதி ஆச்சா?"

"ஒரு சுவரு குறையுது," என்றாள் அரசி.

பொய் சொல்லத் தெரியாத வாய். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் மிச்சமிருந்த சுவர்களைப் பார்த்தார்கள். வராதவர்களின் சுவர்கள். வந்தவர்களில், சுவர் இருந்தும் அடிக்காமல் நின்றவர் ஒருவர்தான். அவர் அப்பாவின் சுவர் ஆபீஸ் ரூமை ஒட்டி, தண்ணீர்ப் பானைக்கு மேலே, போன வருஷத்து வெள்ளை மங்கிப்போய் நின்றது. போன ஜூனில் அதை அடித்தது திருநாவுக்கரசேதான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"சார்," என்றான் வெங்கட், தன் மட்டையை நீட்டி. "பத்து நிமிஷ வேலை சார்."

திருநாவுக்கரசு மட்டையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். இஸ்திரிச் சட்டையின் கையைத் தொட்டுக்கொண்டார். அசையவில்லை.

அரசி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாரோ என்றுகூட இருந்தது. கூப்பிட்டு வருகிறவர் எதற்கு?

"குடும்பத்துல யார் வேணா அடிக்கலாமா, ஆர் ஒன்லி அப்பாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அனுபமா வாளியைத் தூக்கியிருந்தாள்.

"நீ இங்க படிச்சவளே இல்லையேம்மா," என்றார் தலைவர்.

"நீங்களும்தான் படிக்கல அங்கிள். வருஷா வருஷம் ஒரு இழுப்பு இழுத்து போட்டோ எடுத்துக்கறீங்கள்ல?"

மங்களம் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அனுபமா நேராகத் தாத்தாவின் சுவருக்குப் போனாள். மட்டை பிடிக்கத் தெரியவில்லை. சுண்ணாம்பு முழங்கை வழியாக ஒழுகி டீ-ஷர்ட்டெல்லாம் ஆனது. "அம்மா, எரியுது!" என்று ஒரு தடவை கத்தினாள். "எரியும். அடி," என்றாள் அரசி. மேடும் பள்ளமுமாக, கோணலும் மாணலுமாக, ஒரு வழியாக அந்தச் சுவர் வெளுத்தது.

அரசி போய் மணியை அடித்தாள். தொங்குகிற தண்டவாளத் துண்டுதான் மணி. இத்தனை வருஷம் அடித்திருக்கிறாள், இப்படி அடித்ததில்லை. காக்கையெல்லாம் பறந்தன.

மைதானத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். இடத்தைக் கொடுக்கக் கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் வெள்ளை வெள்ளையாகக் கைகள் எழும்பின. ஒரு கைகூடக் கீழே இல்லை.

தலைவர் மெதுவாகக் கைதட்டினார்.

"வெரி குட். பள்ளிக்கூடம் உங்களுது. எடுத்துக்கோங்க. வர்ற வாரம் திறப்பீங்க கதா, இல்லையா? யாருக்குத் திறப்பீங்க?"

"என்ன சொல்லுதீங்க?"

"பிள்ளைங்க எங்கம்மா? சுவருக்குப் பாடம் எடுப்பீங்களா? எல்லாரும் வேற ஸ்கூல்ல சேந்தாச்சு. நான் ஒண்ணும் பண்ணலை. உங்க செக்ரட்டரிதான் வீட்டுக்கு வீடு போன் பண்ணி, ஸ்கூல் மூடறோம், வேற இடம் பாத்துக்கோங்கன்னு நல்ல மனசோட சொன்னார். அவர் சொன்னா யாரும் நம்பலை. அப்புறம் நீங்களே சொல்லச் சொன்னீங்கன்னு சொன்னார். உடனே நம்பிட்டாங்க. உங்க பேருக்கு அவ்ளோ மரியாதை!"

கார் கதவு சாத்திய சத்தம் கேட்டது. கார் போய்விட்டது.

அரசிக்கு விஜயகுமாரியின் குரல் காதில் ஒலித்தது. அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. நம் டீச்சரே நம் பிள்ளைகளைக் கை கழுவிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் இந்த ஒரு வாரமும் சோறு பொங்கியிருக்கிறார்கள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு பள்ளி வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். எதிர் வீட்டு சபீனாவுக்கு மட்டும் போன் போகவில்லை. போயிருந்தால் அடுத்த நிமிஷம் டீச்சர் முன்னால் வந்து நின்றிருப்பாள் என்று திருநாவுக்கரசுக்குத் தெரியும்.

"ஏளா..." என்று வந்தார் திருநாவுக்கரசு.

"இங்க ஏளா கிடையாது. டீச்சர்."

அவர் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மகள் பக்கம் போய் அவள் கையிலிருந்த மட்டையை வாங்கப் பார்த்தார். "சுவரு கோணலா இருக்கும்மா. குடு, நான் ஒரு கை சரி பண்ணுதேன்."

அனுபமா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சுவர விடுங்க," என்றாள் அரசி. "அதுக்கு ஆளு வந்தாச்சு. உங்களுக்கு வேற வேலை இருக்கு. உங்க போன எடுங்க."

"எதுக்கு?"

"எந்த வீட்டுக்கெல்லாம் எம் பேரச் சொல்லிப் பேசினீங்களோ, அந்த வீட்டுக்கெல்லாம் உங்க பேரச் சொல்லிப் பேசுங்க. இங்கயே. எங்க எல்லார் முன்னாலயும். ஸ்பீக்கர்ல போட்டு."

"வீட்டுக்குப் போயி பண்ணுதேன். மானம் போவுது."

"எம் மானம் ஒரு வாரமா போயிக்கிட்டு இருக்கு. உங்களது இன்னைக்கு ஒரு நாள் போவட்டும்."

சுற்றிலும் அத்தனை பேர், கையெல்லாம் வெள்ளையாக நின்றார்கள். அவர் இஸ்திரிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நாலாம் வகுப்பில் இரட்டைப் பெண்களைப் படிக்க வைக்கிற வீட்டின் நம்பர். மணி போயிற்று. எடுத்தார்கள்.

"நான் திருநாவுக்கரசு பேசுதேன். ஸ்கூல்ல இருந்து... போன வாரம் சொன்னேன்லா, ஸ்கூல் மூடுதாங்க, டீச்சர் சொல்லச் சொன்னான்னு..." ஒரு முறை அரசியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "டீச்சர் சொல்லல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நான்தான்... பொய் சொன்னேன்."

ஸ்பீக்கரில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. இரண்டு பெண் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லைன் கட்டானது.

திருநாவுக்கரசு போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு, இதோடு போதுமா என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"அடுத்த நம்பர்," என்றாள் அரசி.